முன்னாடியே சொல்லிட்டுத்தானே அடிச்சோம்

காஸா சண்டை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு பேச்சு காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. டிவி விவாதத்துல, ஃபேஸ்புக் கமெண்ட்ல, எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல கூட. "இஸ்ரேல்காரங்கதான் நோட்டீஸ் போட்டு, போன் பண்ணி, கிளம்புங்கன்னு சொன்னாங்களே, அப்புறமும் அங்கயே உக்காந்திருந்தா யார் என்ன பண்ண முடியும்?" இதைக் கேக்குறவங்க எல்லாரும் கல்நெஞ்சக்காரங்க இல்ல. சொல்லிட்டு அடிச்சா அது நியாயமான அடின்னு நிஜமாவே நம்புறாங்க. அந்த நம்பிக்கை ரொம்பப் பழசு, நம்மகிட்டயே சங்க காலத்துலேர்ந்து இருக்கு.

போர் எப்படி மாறிச்சுன்னு பேசுறவங்க வில்லு, பீரங்கி, விமானம், ட்ரோன்னு ஆயுதத்தைத்தான் வரிசையா சொல்வாங்க. எனக்கு அதைவிட இந்த ஒரு வழக்கம், அடிக்கறதுக்கு முன்னாடி சொல்றதுங்கற வழக்கம், என்ன ஆச்சுன்னு பாத்தா போதும், போரோட அறம் எங்க போய் நிக்குதுன்னு தெரிஞ்சிடும்னு தோணுது.

புறநானூறு 9ஆம் பாட்டை நிறைய பேர் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடினது. பசுக்கள், பசு மாதிரி சாதுவான பார்ப்பனர், பொம்பளைங்க, நோயாளிங்க, முன்னோருக்குக் கடன் செய்ய ஆம்பளப் புள்ள இன்னும் பொறக்காதவங்க, எல்லாரும் கேளுங்க, "எம் அம்பு கடி விடுதும் நும் அரண் சேர்மின்". நாங்க அம்பை விடப்போறோம், உங்க காவலான இடத்துக்குப் போயிடுங்க. தமிழனோட போர் அறம்னு மேடையில யார் பேசினாலும் இந்தப் பாட்டு வராம இருக்காது, வரணும்தான், நோயாளியைத் தனியா பேர் சொல்லிக் கூப்பிட்டு எச்சரிக்கிற ஒரு ராஜாவை யோசிச்சுப் பாருங்க.

ஆனா அதே புறநானூறுல 15ஆம் பாட்டும் இருக்கு. அதே புலவர், அதே ராஜா. எதிரியோட கோட்டைத் தெருவுல கழுதையைப் பூட்டி உழுது பாழாக்கினாய், பறவை சத்தம் கேக்குற விளைஞ்ச வயல்ல குதிரை பூட்டின தேரை ஓட்டினாய், அவங்க காவல் வச்சுக் காப்பாத்தின குளத்துல உன் யானைங்களை இறக்கினாய். இதையும் புகழ்ச்சியாத்தான் பாடியிருக்கார். இப்ப ரெண்டு பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க. அரண் சேர்மின்னு சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு பொம்பள நோயாளி மாமியாரைக் கூட்டிக்கிட்டு எங்கயோ போயிட்டாள்னு வச்சுக்கங்க, அவ திரும்பி வரும்போது வயலும் இல்ல, குடிக்கத் தண்ணியும் இல்ல. மேடையில 9ஐ மட்டும் சொல்லி 15ஐ விட்டுடுறது எனக்குப் பிடிக்கறதே இல்ல, ரெண்டும் சேந்துதான் அந்தக் காலத்துப் போர்.

9ஆம் பாட்டுப் பட்டியல்ல உழவன் இல்ல, கூலிக்காரன் இல்ல, சண்டைக்கே போகாத சாதாரண ஆம்பள இல்ல. அதையும் பாக்கணும். இருந்தாலும் அந்தப் பாட்டுல ஒரு விஷயத்தை நான் விட்டுக்குடுக்க மாட்டேன். "நும் அரண்"னு சொல்றான். போறதுக்கு உனக்கு ஒரு இடம் இருக்கு, அங்க என் அம்பு வராதுங்கறது அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு. எச்சரிக்கையில பாதி வாக்குறுதிதான்.

இது எழுத்துல சட்டமா வந்தது ரொம்பப் பின்னாடி. 1863 ஏப்ரல்ல, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடுவுல, லிங்கன் அரசாங்கம் தன்னோட படைக்கு ஒரு விதித்தொகுப்பு குடுத்துச்சு, எழுதினவர் ஃபிரான்சிஸ் லீபர்ங்கற பேராசிரியர், அவரோட மூணு பசங்களும் அந்தப் போர்ல இருந்தாங்க, ஒருத்தன் எதிர்ப் பக்கத்துல சண்டை போட்டு செத்துப் போனான். அதுல 19ஆவது விதி, ஊர் மேல குண்டு போடறதுக்கு முன்னாடி முடிஞ்சா எதிரிக்குத் தெரியப்படுத்து, பொம்பளைங்க குழந்தைங்க வெளிய போகட்டும்னு சொல்லுது. அடுத்த வரியிலயே, சொல்லாம விட்டாலும் அது விதிமீறல் ஆகாது, திடீர்னு தாக்க வேண்டிய அவசியம் இருக்கலாம்னு சொல்லிடுது. அடுத்த வருஷமே அட்லாண்டா மேல லிங்கன் படையோட ஜெனரல் ஷெர்மன் சொல்லாம குண்டு போட்டார், எதிர்ப்படைத் தளபதி ஹூட் இது என்ன நியாயம்னு கடிதம் எழுதினப்ப, அரண் கட்டின ஊருக்கு நோட்டீஸ் குடுக்க நான் கடமைப்பட்டவன் இல்ல, நீங்கதான் புரிஞ்சுக்கிட்டிருக்கணும்னு பதில் எழுதினார். போர் விதிகளுக்காகப் பல நாடுகள் போட்ட 1907 ஹேக் ஒப்பந்தத்துலயும் இதே மாதிரிதான், தளபதி தன்னால ஆனதெல்லாம் செஞ்சு எச்சரிக்கணும், ஆனா நேரடியா ஊருக்குள்ள புகுந்து தாக்கும்போது வேண்டாம். கதவைத் திறந்து வச்சே பூட்டு போட்டாங்க.

கடல்ல மட்டும் இந்த வழக்கம் கொஞ்ச நாள் உண்மையாவே உயிரோட இருந்துச்சு, அதுக்கு நமக்குத் தெரிஞ்ச உதாரணமே முதல் உலகப் போர் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன்தான். மெட்ராஸ்காரங்களுக்கு எம்டன்னா 1914 செப்டம்பர் 22 ராத்திரி துறைமுகத்துல பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய் டாங்க் எரிஞ்சதுதான் ஞாபகம் வரும், அரை மணி நேரத்துக்குள்ள சுமார் 130 குண்டு, அதுக்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது, ஊரே பயந்து போய் ஜனங்க ரயில்ல ஏறி ஓடினாங்க. ஆனா அதுக்குப் பத்து நாள் முன்னாடி வங்காள விரிகுடாவுல அதே கப்பல் என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சுன்னு பாருங்க. சரக்குக் கப்பலை நிறுத்தும், ஆள் ஏறி சோதனை பண்ணும், மாலுமிங்க எல்லாரையும் பத்திரமா இறக்கி இன்னொரு கப்பல்ல ஏத்தும், அப்புறம்தான் காலி கப்பலை மூழ்கடிக்கும். கபிங்கான்னு ஒரு பிரிட்டிஷ் கப்பலைப் பிடிச்சப்ப அதோட கேப்டன் பொண்டாட்டியும் குழந்தையும் கூட இருந்தாங்க, அதனால எம்டன் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் அதை மூழ்கடிக்கல, பிடிபட்ட மத்த கப்பல் ஆளுங்க எல்லாரையும் அதுல ஏத்தி அனுப்பிட்டார். கிளம்பும்போது அந்தக் கைதிங்களே முல்லருக்கும் அவர் ஆளுங்களுக்கும் ஆரவாரம் பண்ணி வாழ்த்து சொல்லிட்டுப் போனாங்க. எதிரிக் கப்பல்ல இருக்கறவனை எங்க கொண்டு போய் விடறதுங்கறது தாக்குறவனோட வேலையா இருந்துச்சு, அதைத்தான் நான் சொல்ல வர்றேன்.

ஒரே வருஷத்துல அது போயிடுச்சு. நீர்மூழ்கிக் கப்பல்ல இறக்கி ஏத்தறதுக்கு இடமே கிடையாது, மேல வந்து நின்னா அதையே சுட்டுடுவாங்க. 1915 மே 1ஆம் தேதி நியூயார்க் பேப்பர்கள்ல லூசிடேனியாங்கற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலோட விளம்பரத்தோட ஜெர்மன் தூதரகத்தோட அறிவிப்பும் வந்துச்சு. போர் நடக்குற கடல்ல பிரிட்டிஷ் கொடி பறக்குற கப்பல்ல போறவங்க தங்களோட சொந்தப் பொறுப்புல போறாங்கன்னு. அன்னிக்கே கப்பல் கிளம்பிச்சு. மே 7ஆம் தேதி அயர்லாந்து கிட்ட ஒரே டார்பிடோ, 18 நிமிஷத்துல மூழ்கிச்சு, கிட்டத்தட்ட 1,200 பேர் செத்தாங்க. நாங்கதான் பேப்பர்லயே போட்டோமேன்னு ஜெர்மனியில அப்பவே சொன்னாங்க. எட்டு மாசத்துக்கு முன்னாடி முல்லர் தன் தலையில சுமந்த பொறுப்பை இப்ப டிக்கெட் வாங்கினவன் தலையில வச்சாச்சு. அறிவிப்புங்கற பேரு மட்டும் அப்படியே இருந்துச்சு.

அடுத்த மாற்றம் வானத்துல. இதுல ஒரு கட்டம் நம்ம பக்கத்துலயே நடந்தது, ஆனா இங்க யாரும் அவ்வளவா பேசறதில்ல. 1920கள்லயும் 30கள்லயும் பிரிட்டிஷ் விமானப்படை அன்னிக்கு இருந்த இந்தியாவோட வடமேற்கு எல்லையில, வஜிரிஸ்தான் மலைகள்ல, பட்டான் கிராமங்க மேல குண்டு போட்டுச்சு. முதல்ல வெள்ளை நோட்டீஸ் வானத்துலேர்ந்து விழும், இந்த இந்த நிபந்தனைக்கு ஒத்துக்கங்க இல்லைன்னா குண்டு விழும்னு. ஒத்துக்கலைன்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடி சிவப்பு நோட்டீஸ். இதை ரொம்ப நாகரிகமான முறைன்னு அவங்க பெருமையா எழுதி வச்சிருக்காங்க, உயிர்ச்சேதம் கம்மி, ஆளில்லாத வீட்டு மேலதானே போடறோம்னு. ஆனா நோக்கமே ஊரைக் காலியாக்கறதுதான். முற்றுகைன்னா உள்ள இருக்கறவனை வெளிய விடாம அடைக்கறது, இவங்க அதைத் தலைகீழாக்கி, வெளிய போனவனை உள்ள விடாம வச்சாங்க, திரும்பி வந்து விதைக்க முடியாம, மாட்டை மேய்க்க முடியாம, குளிர்ல குகையில கிடக்கட்டும், தானா வழிக்கு வருவான்னு. தப்பிச்சுக்கோன்னு சொன்ன அதே நோட்டீஸ்தான் அவன் மேல போட்ட முதல் ஆயுதம். 1930கள்ல ஜெனீவாவுல ஆயுதக் குறைப்பு மாநாட்டுல விமானக் குண்டுவீச்சையே தடை பண்ணலாமான்னு பேச்சு வந்தப்ப, தூரத்துப் பகுதிகள்ல போலீஸ் வேலைக்கு மட்டும் எங்களுக்கு விலக்கு வேணும்னு பிரிட்டன் கேட்டுச்சு.

ஜப்பான்ல நடந்தது இதைவிடப் பெருசு. 1945 மார்ச் 10 விடியறதுக்குள்ள டோக்கியோவுல ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் எரிஞ்சு செத்தாங்க, அப்ப எச்சரிக்கையும் இல்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் ஜூலைக் கடைசியில அமெரிக்க ஜெனரல் கர்ட்டிஸ் லெமேயோட விமானங்க நோட்டீஸ் போட ஆரம்பிச்சுது. ஒரு பக்கம் பி-29 விமானங்க குண்டு கொட்டற போட்டோ, கீழ வட்டம் வட்டமா ஊர்ப் பேரு, பத்துக்கும் மேல. பின்னாடி ஜப்பானிய மொழியில, இந்த ஊர்கள்ல சிலதை அடுத்த சில நாள்ல தாக்கப் போறோம், அப்பாவிங்களைக் கொல்ல எங்களுக்கு விருப்பமில்ல, ஆனா குண்டுக்குக் கண்ணு கிடையாது, அதனால ஊரை விட்டுப் போயிடுங்க. ஊரே அந்தப் பட்டியலைப் படிச்சுட்டு நம்ம ஊர் பேரு இருக்கான்னு தேடியிருக்கும்ல. ஆனா அந்த நோட்டீஸைக் கையில வச்சிருந்தாலே குத்தம், போலீஸ்ல ஒப்படைக்கணும். அஒமோரின்னு வடக்குல ஒரு ஊரு. குண்டுக்குப் பயந்து ஜனங்க ஏற்கனவே மலைப்பக்கம் போயிட்டாங்க, அவங்க அதிகாரிங்களோ, ஜூலை 28க்குள்ள திரும்பி வரலைன்னா பதிவேட்டுலேர்ந்து பேரை எடுத்துடுவோம், ரேஷன் கிடையாதுன்னு உத்தரவு போட்டாங்க. ரேஷனுக்காகத் திரும்பி வந்தாங்க. 28ஆம் தேதி ராத்திரிதான் விமானம் வந்துச்சு. ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க.

அஒமோரியில செத்தவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேந்துச்சா இல்லையா? நோட்டீஸ்ல பேரு இருந்துச்சு. படிச்சும் இருப்பாங்க. ஒரு பக்கம் வானத்துலேர்ந்து போன்னு சொல்றான், இன்னொரு பக்கம் சொந்த அரசாங்கம் வான்னு சொல்லுது, நடுவுல அரிசி. லெமேயோட நோட்டீஸால சில ஊர்கள்ல உயிர் தப்பிச்சவங்க இருக்காங்கங்கறதையும் நான் மறுக்கல, எச்சரிக்கையே விடாதேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா போன்னு சொன்னதோட என் வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறது, அதுலதான் எனக்கு வயிறு எரியுது.

ஹிரோஷிமாவுக்கு அதுவும் இல்ல. அணுகுண்டைப் பத்தி முடிவு பண்ண அமெரிக்கா வச்ச குழு 1945 மே 31ஆம் தேதி கூட்டத்துல, முன்கூட்டியே சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணிச்சு. சொன்னா விமானத்தைச் சுட்டுடுவாங்க, போர்க்கைதிங்களைக் கொண்டு வந்து அங்க வச்சிடுவாங்க, குண்டு வெடிக்காமப் போனா அசிங்கம், இதெல்லாம் அப்ப பேசப்பட்ட காரணங்க. அந்தக் குழுவுல இருந்த ரால்ஃப் பார்ட்ங்கற கடற்படைத் துணைச் செயலாளர் மட்டும் ஜூன் 27ஆம் தேதி ஒரு குறிப்பு எழுதினார், ரெண்டு மூணு நாள் முன்னாடியாவது ஜப்பானுக்கு ஏதாவது எச்சரிக்கை குடுக்கணும்னு. எடுபடல.

சொல்லிட்டு வெடிக்கறது ராணுவத்தோட வழக்கம் மட்டும் இல்ல. வட அயர்லாந்துல பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் குண்டு வச்சவங்க பல தடவை, வெடிக்கறதுக்கு முன்னாடி போன் பண்ணிச் சொன்னாங்க. 1998 ஆகஸ்ட் 15, ஓமா ஊரு, சனிக்கிழமை மத்தியானம், ஸ்கூல் திறக்கப்போற நேரம், யூனிஃபார்ம் வாங்க அம்மாக்களும் புள்ளைங்களும் கடைத்தெருவுல. கோர்ட் கிட்ட குண்டு இருக்குன்னு போன் வருது. போலீஸ் ஜனங்களைக் கோர்ட் பக்கத்துலேர்ந்து நகர்த்தி தெருவோட அந்தக் கோடிக்கு அனுப்புறாங்க. கார் நின்னது அந்தக் கோடியில. 29 பேர், அதுல ஒரு கர்ப்பிணி, வயித்துல இரட்டைக் குழந்தைங்க. எச்சரிக்கை விட்டதுனாலயே அந்த இடத்துல கூட்டம் சேந்துச்சு.

வன்னியை நினைக்காம ஓமாவைப் பத்தி என்னால எழுத முடியல. 2008 செப்டம்பர்ல இலங்கை அரசாங்கம், உங்க பாதுகாப்புக்கு நாங்க உத்தரவாதம் தர முடியாதுன்னு சொல்லி ஐநா ஆளுங்களைக் கிளிநொச்சியை விட்டுக் கிளப்பிச்சு, போகாதீங்க, நீங்க போனா பாக்கறதுக்கு யாருமே இல்லன்னு ஜனங்க ஐநா அலுவலக வாசல்ல நின்னு கெஞ்சினாங்க, அவங்க போயிட்டாங்க. 2009 ஜனவரியில முதல் பாதுகாப்பு வலயம் அறிவிச்சாங்க, சுமார் 35 சதுர கிலோமீட்டர், சுதந்திரபுரம், உடையார்கட்டு பக்கம். அங்க வந்துடுங்கன்னு. ஜனங்க ட்ராக்டர்லயும் சைக்கிள்லயும் மூட்டை முடிச்சோட போய் தார்ப்பாய் கட்டி பங்கர் வெட்டினாங்க. அங்க ஷெல் விழுந்துச்சு, கடைசியாப் போன ஐநா உணவு வண்டி ஆளுங்களே அந்த வலயத்துக்குள்ள மாட்டிக்கிட்டு நேர்ல பாத்தாங்க. பிப்ரவரியில ரெண்டாவது வலயம், புதுமாத்தளன் கரையோரம், சுமார் 14 சதுர கிலோமீட்டர். மே மாசம் மூணாவது, முள்ளிவாய்க்கால், ரெண்டு மூணு சதுர கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் வலயம் சின்னதாச்சு, கூட்டம் நெருக்கமாச்சு, ஷெல் மட்டும் கூடவே வந்துச்சு.

2011ல வெளியான ஐநா நிபுணர் குழு அறிக்கை, ஜனங்களை வரச் சொன்ன மூணு வலயத்துலயும் அரசுப் படை பெரிய அளவுல ஷெல் அடிச்சதா நம்பத்தகுந்த குற்றச்சாட்டு இருக்குன்னும், செத்த பொதுமக்கள் 40,000 வரைக்கும் இருக்கலாம்னும் சொல்லுது. அரசாங்கம் மறுத்துச்சு. அதே அறிக்கை புலிகளையும் விடல, ஜனங்களைக் கேடயமா வச்சுக்கிட்டாங்க, தப்பிச்சுப் போகப் பாத்தவங்களைச் சுட்டாங்கன்னு. இதை நம்ம பக்கம் சிலர் சொல்லத் தயங்குறாங்க, தயங்கக் கூடாது. ஒருத்தன் வான்னு கூப்பிட்ட இடத்துல அடிக்கறான், இன்னொருத்தன் போறவனைப் பின்னாடிலேர்ந்து சுடறான், அஒமோரி மாதிரியேதான், சாவு மட்டும் பல மடங்கு. எச்சரிக்கையில பாதி வாக்குறுதின்னு சொன்னேன்ல, இங்க அந்த வாக்குறுதியை எழுதியே குடுத்தாங்க, மேப்ல கோடு போட்டு.

காஸாவுக்கு வர்றேன். 2023 அக்டோபர் 7ஆம் தேதி ஹமாஸ் எந்த எச்சரிக்கையும் இல்லாம புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்னுச்சு, பெரும்பாலும் சாதாரண ஜனங்க, சுமார் 250 பேரைப் பிடிச்சுட்டுப் போச்சு. அதுக்கு எந்த நியாயமும் கிடையாது. 13ஆம் தேதி இஸ்ரேல், வடக்கு காஸாவுல இருக்கற பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவங்க 24 மணி நேரத்துல தெற்கே போகணும்னு சொல்லிச்சு. ஆஸ்பத்திரிங்களுக்கும் சேத்துத்தான். இன்குபேட்டர்ல குழந்தை, வென்டிலேட்டர்ல ஆளு, டயாலிஸிஸ் நடந்துக்கிட்டிருக்கற கிழவன். இவங்களை நகர்த்தச் சொல்றது மரண தண்டனைக்குச் சமம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லிச்சு. அப்புறம் டிசம்பர்ல காஸாவை நூத்துக்கணக்கான நம்பர் போட்ட கட்டமாப் பிரிச்சு மேப் வந்துச்சு, நோட்டீஸ்ல க்யூஆர் கோடு, ஸ்கேன் பண்ணி உங்க கட்டம் எதுன்னு பாத்துக்கங்கன்னு. கரண்ட் இல்ல, நெட்வொர்க் போய்ப் போய் வருது. தெற்கே போனவங்க மேலயும் குண்டு விழுந்துச்சு.

கூரை மேல முதல்ல ஒரு சின்ன குண்டு போட்டு, அதுதான் எச்சரிக்கை, உடனே வெளிய வாங்கங்கற முறையும் இஸ்ரேல் வச்சிருக்கு. 2008 கடைசியில நடந்த போருக்கு அப்புறம் விசாரிச்ச ஐநா குழு இதை எச்சரிக்கையாவே ஏத்துக்கல, வீட்டுக்குள்ள இருக்கறவனுக்கு அது தாக்குதல்தான்னு சொல்லிடுச்சு. எனக்கும் அதுதான் சரின்னு படுது. தலைக்கு மேல வெடிச்சது எச்சரிக்கையா, ஆரம்பமான்னு பாட்டி எப்படிக் கண்டுபிடிப்பா?

போர்ல மாட்டிக்கறவங்களைக் காப்பாத்தறதுக்கான ஜெனீவா ஒப்பந்தங்களோட 1977ல சேத்த முதல் நெறிமுறையில 57ஆவது பிரிவு இருக்கு. பொதுமக்களைப் பாதிக்கக் கூடிய தாக்குதலுக்கு முன்னாடி பலன் தரக்கூடிய எச்சரிக்கை குடுக்கணும், சூழ்நிலை இடம் தராத நேரம் தவிர. மறுபடியும் அதே திறந்த கதவு, ஆனா ஒரு முன்னேற்றம் இருக்கு, "பலன் தரக்கூடிய". சும்மா சொன்னா போதாது, போக முடியணும். அதைவிட முக்கியம், எச்சரிக்கையைக் கேட்டும் போகாதவன், போக முடியாதவன், யாரா இருந்தாலும் அவன் பொதுஜனம்தான். நோட்டீஸ் விழுந்த நிமிஷத்துலேர்ந்து அவன் இலக்கா மாறிட மாட்டான், அடிக்கறவன் மேல இருக்கற மத்த எல்லாக் கடமையும் அப்படியே இருக்கு. வாட்ஸ்அப் குரூப்புல நான் இதைத்தான் சொன்னேன், சட்டமே அப்படித்தான் இருக்குன்னு, சில பேர் யோசிச்சாங்க, சில பேர் பதில் சொல்லல.

170க்கும் மேற்பட்ட நாடு அந்த நெறிமுறையில சேந்திருக்கு. அமெரிக்கா கையெழுத்து போட்டுட்டு உறுதிப்படுத்தாம விட்டுடுச்சு, இஸ்ரேல் சேரல, இலங்கை சேரல, பாலஸ்தீனம் 2014ல சேந்துச்சு. எச்சரிக்கை குடுக்கணும்ங்கறது எல்லாரையும் கட்டுப்படுத்தற வழக்கச் சட்டம்தான், சேராட்டியும் தப்பிக்க முடியாதுன்னு செஞ்சிலுவைச் சங்கம் 2005 ஆய்வுல சொல்லியிருக்கு. ஆனா எழுதிக் கையெழுத்து போடறதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. நாலு ஜெனீவா ஒப்பந்தத்தையும் 1950லயே ஏத்துக்கிட்டு, 1960ல அதுக்குன்னு தனிச் சட்டமே கொண்டு வந்த இந்தியா, இந்த 1977 நெறிமுறையில இன்னிக்கு வரைக்கும் சேரல. நம்ம எம்பிங்க யாராவது இதை நாடாளுமன்றத்துல கேக்கணும், ஏன் சேரலன்னு.